ஐந்தாம் மணி முதல் பத்தாம் மணி வரை

வான்கூவருக்கு வரும் நம் ஊர்ப் பெற்றோர் பார்த்துவிட்டுப் போகும் இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. ஸ்டான்லி பூங்கா, கப்பிலானோ தொங்குபாலம், கப்பலேறிப் போனால் வான்கூவர் தீவில் விக்டோரியா பக்கம் புட்சார்ட் பூந்தோட்டம். சர்ரேயில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்த எனக்கும் மகளும் மருமகனும் எல்லாவற்றையும் காட்டினார்கள். எல்லாமே அழகுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பயணத்தைப் பற்றி எழுத உட்காரும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாசலில் நிற்கும் ரீஜென்ட் கல்லூரிதான். அது ஓர் இறையியல் கல்லூரி. கோடைக்காலத்தில் அங்கே யார் வேண்டுமானாலும் போய் வகுப்பில் உட்காரலாம். தேர்வு எழுத வேண்டாம், கட்டுரை கொடுக்க வேண்டாம், பட்டம் எதுவும் கேட்க வேண்டாம். கேட்பவராக மட்டும் பெயர் கொடுத்தால் போதும், கட்டணமும் குறைவு. மாலைப் பொதுச் சொற்பொழிவுகளுக்குக் கட்டணமே கிடையாது.

நான் பாளையங்கோட்டைக்காரி. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொடுத்தே தலை நரைத்துவிட்டது. பைபிள் எனக்குக் கதையாகத் தெரியும், மனப்பாட வசனமாகத் தெரியும், பாட்டாகத் தெரியும். அது எப்படி எழுதப்பட்டது, யாருக்காக எழுதப்பட்டது, கையெழுத்துப் படிகள் எப்படிக் கை மாறி வந்தன என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அதெல்லாம் செமினரிக்குப் போகும் ஐயர்மார் படிக்கும் படிப்பு என்று நாங்கள் விட்டுவிட்டோம். சபைப் பட்டியலில் பெயர் இருக்கும், காணிக்கை கொடுப்போம், அசனப் பண்டிகைக்குக் காய்கறி நறுக்குவோம், பாடகர் குழுவில் நிற்போம். படிப்பு மட்டும் எங்களுடையது இல்லை.

"எதுக்கும்மா இந்த வயசுல? ஐயரா ஆகப் போறீங்களா?" என்று மகள் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. பஸ்ஸும் ரயிலும் மாறி ஒன்றரை மணி நேரம் தனியாகப் போய் வர வேண்டுமே என்ற கவலை அவளுக்கு. "இல்ல பிள்ளே, கேக்கத்தான் போறேன்" என்றேன். இணையத்தில் பெயர் பதிந்து தந்தவள் அவள்தான்.

சர்ரேயில் ஸ்கைட்ரெயின் ஏறினால் முதலில் பிரேசர் ஆற்றின் மேல் கம்பிவடங்கள் தாங்கும் பாலம் வருகிறது. கீழே ஆற்றில் அறுபட்ட மரங்களைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டிருப்பார்கள். ஆறு முழுக்கச் சேற்று நிறம், தாமிரபரணியில் புது வெள்ளம் வரும்போது இருக்கும் அதே நிறம். கமர்ஷியல் பிராட்வே நிலையத்தில் இறங்கி 99ஆம் எண் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். இந்த ஊரில் வரிசை என்றால் வரிசை. பிராட்வே நெடுகப் பாதாள ரயிலுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கடைகள், ஆஸ்பத்திரி, மறுபடியும் கடைகள். பிறகு திடீரென்று இரண்டு பக்கமும் ஓங்கிய மரங்கள், பெரிய கோல்ஃப் மைதானம். அதைத் தாண்டினால் பல்கலைக்கழகம். கல்லூரி நுழைவாயிலிலேயே இருக்கிறது, தேடவே வேண்டாம்.

இந்த நிலம் மஸ்குவீம் பூர்வகுடி மக்களுடையது, எந்த உடன்படிக்கையிலும் அவர்கள் இதைக் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இங்கே கூட்டங்களைத் தொடங்குகிறார்கள். சடங்காகிப் போயிற்று என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது. நம் ஊரில் ஊர்ப் பொது நிலமும் பஞ்சமி நிலமும் யார் கைக்குப் போயிற்று என்று எந்தக் கூட்டத்தின் தொடக்கத்தில் யார் சொல்கிறார்கள்?

ரீஜென்ட் கல்லூரி பிறந்த கதையை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1969இல் ஒரு கோடைப் பள்ளியாகத்தான் அது தொடங்கியது. அடுத்த ஆண்டு முழுநேர வகுப்புகள் வந்தன. முதல் முதல்வர் ஜேம்ஸ் ஹூஸ்டன் குருப்பட்டம் பெற்றவர் அல்ல, ஆக்ஸ்போர்டில் புவியியல் கற்பித்தவர். டாக்டரும் வக்கீலும் பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் ஓர் ஆண்டு வந்து படித்துவிட்டுத் தங்கள் வேலைக்கே திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் தொடங்கியவர்களின் எண்ணம். போதகர்களை உருவாக்கும் படிப்பு பின்னால்தான் வந்தது. உலகத்தில் பெரும்பாலான இறையியல் கல்லூரிகள் போதகர்களுக்காகத் தொடங்கி, பிறகு மற்றவர்களுக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கும். இங்கே தலைகீழ். ஜே. ஐ. பாக்கர் 1979இல் இங்கிலாந்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தார். கோர்டன் ஃபீ, யூஜின் பீட்டர்சன் ஆகியோரும் இங்கே கற்பித்தவர்கள்தாம். நம் போதகர்களின் புத்தக அலமாரிகளில் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். அவர்கள் பேசிய வகுப்புகளில் செவிலியர்களும் பொறியாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

கல்லூரியைத் தொடங்கியவர்கள் பிரதரன் சபைக்காரர்கள். குருப்பட்டம் என்ற ஒன்றே வேண்டாம், கூடியிருக்கும் யாரும் அப்பம் பிட்கலாம், யாரும் வேதத்தை விளக்கலாம் என்று சொல்பவர்கள். அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் நினைவு வந்தது. பிரதரன் சபையின் முன்னோடிகளில் ஒருவரான அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்ற பல் மருத்துவர், பாக்தாத்தில் ஊழியம் செய்துவிட்டு 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு சேர்ந்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810இல் பிறந்தவர், மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் பாளையங்கோட்டையில் படித்தவர். எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் 1840இல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். பாட்டுகள் எழுதினார். 1860இல் அங்கே தொடங்கிய எழுப்புதலில் சாதாரண விவசாயிகளும் பெண்களும் எழுந்து பேசினார்கள். திருநெல்வேலிச் சபைகளை உலுக்கிய எழுப்புதல் அது. வான்கூவர் கல்லூரிக்கு உயிர் கொடுத்த எண்ணம் எங்கள் மண்ணில் அதற்கு நூறு ஆண்டு முன்பே விளைந்திருக்கிறது. எங்கள் சபைகளில் அருளப்பன் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

கல்லூரிக்கு உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது புத்தகக்கடை. காலடி எடுத்து வைத்தால் அரை மணி நேரமாவது போய்விடும். நூலகம் பூமிக்கு அடியில் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு சிறு பூங்கா, பூங்காவில் ஒரு காற்றுக் கோபுரம். நூலகத்துக்குக் காற்றோட்டம் தருவதற்காகக் கட்டியது. கோபுரத்தின் ஒரு முகம் முழுக்க சாரா ஹால் என்ற கலைஞரின் வண்ணக் கண்ணாடி, கீழே வெளிர் நீலமும் மேலே போகப்போக அடர்ந்த நிறமும். கண்ணாடிக்குள்ளேயே சூரிய மின்கலங்களைப் பதித்திருக்கிறார்கள். பகலில் சேரும் மின்சாரம் இரவில் அதே கண்ணாடியை ஒளிர வைக்கிறது. இயேசு பேசிய அரமேய மொழியில் பரமண்டல ஜெபம் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்துக்கொண்டு தமிழில் அந்த ஜெபத்தைச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் பெஞ்சில் இருந்த கொரியப் பாட்டி ஒருவர் எழுந்து வந்து அதையே தம் மொழியில் சொல்ல ஆரம்பித்தார். இருவரும் 'ஆமென்' சொல்லும்போது ஒரே சொல்லில் வந்து நின்றோம். அவரும் என் வகுப்புதான்.

வகுப்பு அப்போஸ்தலருடைய நடபடிகளைப் பற்றியது. பட்டத்துக்காகப் படிக்கும் இளைஞர்கள் முன்வரிசையில் மடிக்கணினியோடு. கேட்க மட்டும் வந்தவர்கள் பின்வரிசைகளில் நோட்டும் பேனாவுமாக. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து முதியோரைப் பராமரிக்கும் ஒரு பெண், ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர், இரவுப்பணி பார்க்கும் செவிலி ஒருத்தி, லாரி ஓட்டும் பஞ்சாபிக் கிறிஸ்தவர் ஒருவர். பேராசிரியர் எங்களை வேறாக நடத்தவில்லை. கேள்வி கேட்டால் முன்வரிசைக்குச் சொல்லும் அதே பொறுமையோடு பதில் சொன்னார்.

ஒரு நாள் பத்தொன்பதாம் அதிகாரம். எபேசுவில் ஜெப ஆலயத்திலிருந்து விலகிய பவுல் திறன்னு என்பவனுடைய பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷ காலம் தினந்தோறும் போதித்தார் என்று அதில் வருகிறது. ஓய்வுநாள் பள்ளியில் அந்த வசனத்தை நான் வேகமாகக் கடந்து போயிருக்கிறேன், அதில் கதை ஒன்றும் இல்லையே. பேராசிரியர் திரையில் ஒரு பழைய கையெழுத்துப் படியின் படத்தைக் காட்டினார். பேசா படி என்று பெயர். ஏறக்குறைய கி.பி. 400ஐ ஒட்டி எழுதப்பட்டது, இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் லத்தீன். சீர்திருத்தச் சபை அறிஞர் தியோடோர் பேசா 1581இல் அதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார், இன்றும் அங்கேதான் இருக்கிறது. தோலில் எழுதிய எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லாமல் ஓடுகின்றன. வரிகள் மட்டும் மூச்சு விடும் அளவுக்குக் குட்டை குட்டையாக முடிகின்றன. பெரும்பாலான மற்றப் படிகளில் இல்லாத சில சொற்கள் அந்த இடத்தில் இதில் இருக்கின்றன. ஐந்தாம் மணி முதல் பத்தாம் மணி வரை பவுல் போதித்தார் என்று அது நேரம் சொல்கிறது.

நம் கணக்கில் காலை பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரை. அந்தப் பட்டணங்களில் விடிந்ததும் வேலை தொடங்கும். வெயில் ஏறியதும் கடையை மூடிச் சாப்பிட்டுப் படுப்பார்கள். திறன்னு தன் மாணவர்களுக்குப் பாடத்தை முடித்துவிட்டுப் போன பிறகு அந்தக் கூடம் சும்மா கிடக்கும். கூடாரத் தொழிலாளியான பவுல் காலையில் கைவேலை பார்த்துவிட்டு, ஊர் தூங்கும் நேரத்தில் அங்கே வந்து பேசியிருக்கிறார். கேட்க வந்தவர்களும் தங்கள் ஓய்வை விட்டுவிட்டு வந்தவர்கள். லூக்கா எழுதியதாக இந்தச் சொற்களை எடுத்துக்கொள்ள முடியாது, பின்னால் சேர்ந்தவையாகவே இருக்க வேண்டும், ஆனால் அந்த ஊர் வாழ்க்கையோடு நன்றாகப் பொருந்துகின்றன என்று பேராசிரியர் நிதானமாகச் சொன்னார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கிறிஸ்தவ இறையியல் வகுப்பு என்று சொல்லத்தக்க முதல் வகுப்புகளில் ஒன்று வேலைக்காரர்களின் ஓய்வு நேரத்தில், வாடகைக் கூடத்தில் நடந்திருக்கிறது என்றால், எங்களைப் போன்றவர்கள் அதில் விருந்தாளிகள் இல்லையே.

செமினரிப் படிப்பு விசுவாசத்தைக் கெடுக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கையெழுத்துப் படிகளுக்குள் வேறுபாடு இருக்கிறது என்று கேள்விப்பட்டாலே பலர் காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் விசுவாசம் ஆட்டம் காணவில்லை. யாரோ ஒருவர் தோலின் மேல் குனிந்து எழுத்து எழுத்தாக நகல் எடுத்திருக்கிறார், தாம் கேள்விப்பட்ட ஒரு சிறு தகவலை விட மனமில்லாமல் சேர்த்திருக்கிறார். வேதம் மனிதர்களின் கைவழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டது எனக்குப் பயமாக இல்லை, பிரியமாக இருந்தது. இப்படிப்பட்ட விஷயங்களைச் சபையார் தாங்கமாட்டார்கள் என்று மறைத்து வைப்பதுதான் தவறு. பிள்ளைகள் கைப்பேசியில் எவனோ கத்திப் பேசும் காணொளியில் இதை முதல்முறையாகக் கேட்கும்போதுதான் விழுந்துபோகிறார்கள்.

அடுத்து இருபதாம் அதிகாரம். துரோவாவில் மேல்மாடி அறையில் அநேக விளக்குகள் எரிகின்றன, பவுல் நடுராத்திரி வரை பேசுகிறார், ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். பிரசங்கத்தில் தூங்குபவர்களுக்கு எச்சரிப்பாகவே இந்தக் கதையை நான் கேட்டிருக்கிறேன், அப்படியேதான் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். இரவுப்பணிச் செவிலி கை தூக்கினாள். "அவன் பகலெல்லாம் யாருக்கோ வேலை செய்துவிட்டு வந்த பையனாக இருக்க வேண்டும். விளக்குப் புகை, நெரிசல், அதனால்தான் காற்றுக்காக ஜன்னலில் போய் உட்கார்ந்திருக்கிறான். தூங்கிவிடுவோம் என்று தெரிந்தும் வந்தானே, அதைப் பாருங்கள்" என்றாள். பவுல் இறங்கி வந்து அவனை அணைத்துக்கொள்கிறார், ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை, மறுபடி மேலே போய் விடியும்வரை பேசுகிறார் என்பதையும் அவளே எடுத்துக் காட்டினாள். வகுப்பு சிறிது நேரம் பேசாமல் இருந்தது. பேராசிரியர் தம் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் வகுப்புக்கு வரும் ஒருத்திக்குத்தான் அந்தப் பையன் அப்படித் தெரிவான். விளக்கவுரை எழுதும் அறிஞர்கள் சாதாரண விசுவாசிகளோடு ஒரே அறையில் உட்கார்ந்தால் விளக்கவுரைக்கும் நல்லது.

மாலைச் சொற்பொழிவு உள்ள நாட்களில் நடுவே கிடைக்கும் நேரத்தில் பல்கலைக்கழகத்துக்குள் நடப்பேன். ஜூலையில் இங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. அப்படி நடந்தபோதுதான் 2017இல் நட்ட நல்லிணக்கக் கம்பத்தின் முன்னால் வந்து நின்றேன். ஹைடா இனத்தின் தலைமைச் சிற்பி ஜேம்ஸ் ஹார்ட், ஒரே தேவதாரு மரத்தில் செதுக்கியது. கீழே கரடி, சால்மன் மீன், நடுவில் ஒரு பள்ளிக்கூட வீடு. அந்த வீட்டின் மேல் ஆயிரக்கணக்கான செப்பு ஆணிகள் அறைந்திருக்கிறார்கள். உறைவிடப் பள்ளிகளில் செத்துப்போன பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அடித்த ஆணிகள் அவை. கனடாவில் 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்து அந்தப் பள்ளிகளில் அடைத்தார்கள், தாய்மொழி பேசியதற்கு அடித்தார்கள். பள்ளிகளுக்குப் பணம் அரசாங்கத்துடையது. நடத்தியவை பெரும்பாலும் சபைகள்: கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிடேரியர். கடைசிப் பள்ளி மூடியது 1990களில்தான்.

செப்பு ஆணிகள் மேல் சாயங்கால வெயில் பட்டுப் பளபளத்தது. என்னால் அங்கிருந்து சீக்கிரம் நகர முடியவில்லை. அந்தப் பள்ளிகளை நடத்தியவர்கள் வேதம் படிக்காதவர்கள் அல்லர், செமினரியில் பட்டம் வாங்கியவர்கள். ஞாயிறுதோறும் அவர்கள் பிரசங்கத்தைக் கேட்டுக் காணிக்கை போட்டவர்கள் எங்களைப் போன்ற சபையார். சிறு பிள்ளைகளைப் பற்றி இயேசு சொன்னதை எடுத்துவைத்து, "இது எந்த வேதத்தில் இருக்கிறது ஐயா?" என்று கேட்கும் துணிவும் படிப்பும் ஒவ்வொரு சபையிலும் சில பேருக்கு இருந்திருந்தால்? வேத அறிவை ஒரு சிலர் கையில் விட்டுவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தக் கம்பத்தடியில்தான் நான் முழுசாக உணர்ந்தேன். நம் ஊரிலும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம், சாதிக்கொரு வரிசை என்று வைத்துக்கொண்டு அதே வேதத்தை வாசித்த சபைகள் உண்டு. படித்த சபையார் கேள்வி கேட்டால் அது நிற்கும்.

குருமார் அல்லாத சபையார் இறையியல் பேசுவது தமிழ்நாட்டுக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. 1938இல் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனெரி மாநாடு கூடியபோது, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திக்க வேண்டும் என்று ஒரு புத்தகம் போட்டு மேலைநாட்டு அறிஞர்களோடு வாதாடியவர்களில் முக்கியமான இருவர் குருமார்கள் அல்லர். பி. செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி. வி. சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், பின்னால் சென்னை மேயராகவும் இருந்தவர். பகலில் கோர்ட்டும் தொழிலாளர் வழக்கும், மற்ற நேரத்தில் கிறிஸ்துவைப் பற்றிய எழுத்து. இன்று இந்திய இறையியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அவர்களைப் படித்துத்தான் ஆக வேண்டும். மதுரை அரசரடியில் 1969 முதல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே தமிழிலேயே இறையியல் கற்பிக்கிறார்கள். பரட்டை என்று எல்லாரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்துகொண்டு, படிக்காத கிராமத்துப் பெண்களும் பாடி, மாற்றி, தங்களுடையதாக்கிக்கொள்ளும்படி நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறைமையே எழுதினார். செராம்பூர் கல்லூரியின் செனட், சபையாருக்கென்று வெளியிலிருந்தே படிக்கும் கிறிஸ்தவக் கல்விப் படிப்புகளை வைத்திருக்கிறது. பெங்களூரின் டாஃப்டி நிறுவனம் வேலையில் இருப்பவர்களுக்காகவே வீட்டுப் பாடமும் வாராந்தரக் கூடுகையும் நடத்துகிறது. தமிழிலும் அதன் பாடங்கள் உண்டு. வழி இருக்கிறது. ஞாயிறு அறிவிப்பில் இவற்றை யாரும் வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் தனியாகப் பாடம் படிப்பதும், வேறு வேறு வேலை பார்ப்பவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து ஓர் ஆசிரியரோடு வாக்குவாதம் செய்வதும் ஒன்றல்ல. அந்தச் செவிலி பேசாமல் இருந்திருந்தால் ஐத்திகுவை நான் சாகும்வரை தூங்குமூஞ்சியாகவே நினைத்திருப்பேன்.

ஆகவே எங்கள் திருமண்டலத் தலைவர்களுக்கும் செமினரி முதல்வர்களுக்கும் என் விண்ணப்பம் இது. உங்கள் வகுப்பறைகள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலைகள் ஒரு வகுப்பறையைத் திறந்து விடுங்கள். பட்டம் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், தேர்வும் வேண்டாம். உங்கள் ஆசிரியர்களில் ஒருவர் ரோமர் நிருபத்தையோ சங்கீதங்களையோ எடுத்து, மாணவர்களுக்குச் சொல்வதை அப்படியே எங்களுக்கும் சொல்லட்டும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைக் கேட்க வரும் நாங்களே தருகிறோம். பீடி சுற்றும் அக்காமாரும் ஆட்டோ ஓட்டும் தம்பிமாரும் பள்ளிக்கூட டீச்சர்மாரும் வருவார்கள். தூங்கி விழுந்தாலும் வருவார்கள்.